மூன்றரை அடிக் கோடு

வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள் காலை ஒருவர் சைக்கிளில் வந்து பிரஸ் வாசலில் நின்றார். உள்ளே நாங்கள் கணுக்கால் புதையும் சேற்றில் நிற்கிறோம். மெஷின் ரோலரில் வைக்கோல் சுற்றிக் கிடக்கிறது. அவர் அதையெல்லாம் கவனிக்கவே இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை எடுத்து நீட்டினார்.

"அம்மா தவறிட்டாங்கோ. சாயந்திரம் எடுக்கறோம். கண்ணீர் அஞ்சலி அம்பது போஸ்டர் வேணும்."

அவர் அப்பா இறந்தபோது போஸ்டரும் காரியப் பத்திரிகையும் நாங்கள்தான் போட்டோம். பெரிய பையன் கல்யாணப் பத்திரிகையும் எங்களுடையதுதான். "முடியாதுண்ணா, பாருங்க" என்று கையை விரித்தேன். ஒரு நிமிஷம் நின்றார். பிறகுதான் உள்ளே இருந்த கோலம் அவர் கண்ணில் பட்டது போல. "அடடா" என்று சொல்லிவிட்டுப் போட்டோவைப் பையில் வைத்துக்கொண்டு மேட்டுப் பக்கம் இருக்கும் இன்னொரு பிரஸ்ஸுக்குப் போனார். அடுத்த வருஷம் அவர் பெண்ணுக்குக் கல்யாணம். பத்திரிகை அங்கேதான் அடித்தார்கள். எனக்கும் ஒன்று வந்தது, சாப்பிட்டுவிட்டு மொய் எழுதிவிட்டு வந்தேன். அட்டை நல்ல அட்டை. தமிழில் இரண்டு பிழை.

இதை இப்போது எழுதக் காரணம் என் சித்தி பையன். ஆம்பூரில் ஷூவின் மேல் பாகத்தை, அப்பர் என்பார்கள், தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் வைத்திருக்கிறான். அவனுக்கு வேலை கொடுக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனி, வெளிநாட்டு பையர் ஆடிட் வருகிறது, பிசினஸ் கன்டினியூட்டி பிளான் ஒன்று எழுதிக் கொடு என்று கேட்டிருக்கிறது. பெரிய இடையூறு வந்தாலும் தொழில் நிற்காமல் நடக்க என்ன ஏற்பாடு என்று எழுதி வைப்பதற்குத்தான் இந்தப் பெயர். ஐஎஸ்ஓ 22301 என்று இதற்கு ஒரு தரச் சான்றே இருக்கிறது. பையன் நெட்டிலிருந்து நாற்பது பக்க மாதிரி ஒன்றை இறக்கி, கம்பெனி பேரை மாற்றி எனக்கு அனுப்பி, "அக்கா, நீதான் வெள்ளத்துல அடிபட்டவளாச்சே, இது சரியா பாரு" என்றான். பார்த்தேன். பூகம்பம் இருக்கிறது, சுனாமி இருக்கிறது. ஆம்பூரிலிருந்து கடல் எவ்வளவு தூரம் என்று கேட்டேன், சிரித்தான். பெண்கள் வரும் வேன் ஒரு வாரம் ஓடாவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டதற்குச் சிரிக்கவில்லை.

எங்கள் பிரஸ் குடியாத்தத்தில், கவுண்டன்ய மகாநதிக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. நைனா, அதாவது என் அப்பா, காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் மெஷினும் ஈய எழுத்துமாக ஆரம்பித்தது. இன்றைக்கு ஒரு மினி ஆஃப்செட், ஒரு டெமி ஆஃப்செட், ஒரு கட்டிங் மெஷின், டிசைனுக்கு இரண்டு கம்ப்யூட்டர். என்னையும் சேர்த்து ஏழு பேர். கல்யாணப் பத்திரிகை, பில் புக், தீப்பெட்டிக் கம்பெனிகளுக்கு பண்டல் லேபிள், லுங்கிக் கம்பெனிகளுக்கு மடிப்பில் ஒட்டும் லேபிள், ஐப்பசி கார்த்திகையில் காலண்டர்.

அந்த ஆறு வருஷக்கணக்காக வெறும் மணலாகவும் சாக்கடையாகவும் கிடந்த ஆறு. பையன்கள் அதில் கிரிக்கெட் ஆடுவார்கள். ஆந்திரா மலையில் மழை பெய்து, மோர்தானா அணை நிரம்பி வழிந்தால்தான் ஊருக்குள் தண்ணீர் வரும். வந்தால் பாலத்து மேல் நின்று வேடிக்கை பார்ப்போம், கற்பூரம் ஏற்றுவோம். 2021 நவம்பரில் ஒரு ராத்திரி மெஷின்மேன் போன் செய்தார். நைனா காலத்து ஆள், இன்றைக்கும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். "பாப்பா, ஆத்துல தண்ணி ஏறிக்கினே கீது. இது வேற மாதிரி வருது." இந்த ஆறு போய்ச் சேரும் பாலாற்றின் பெருக்கு இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. 1903 நவம்பரில் வாணியம்பாடியை அடித்துக்கொண்டு போன வெள்ளத்துக்கு அங்கே நினைவுச் சின்னமே உண்டு. ஆனால் கல்லில் இருப்பது யார் ஞாபகத்தில் இருக்கிறது? நான் போய் பேப்பர் பண்டல்களைத் தரையிலிருந்து மரக் கட்டை மேல் ஏற்றி வைத்தேன். கட்டை ஒரு அடி உயரம். தண்ணீர் மூன்றரை அடி வந்தது.

பேப்பர் நனைந்தால் என்ன ஆகும் என்று இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்குத் தெரியாது. மேப்லித்தோ என்கிற சாதாரண அச்சுத் தாள் நனைந்து காய்ந்தால் அப்பளம் மாதிரி அலை அலையாக ஆகிவிடும், மெஷின் ஃபீடர் அதை எடுக்காது. ஆர்ட் பேப்பர் இன்னும் மோசம். மேலே பூச்சு இருப்பதால் ஒரு தாளோடு ஒரு தாள் ஒட்டி, காய்ந்ததும் ரீம் முழுவதும் ஒரே கல்லாகிவிடும். அடி ரீம் தண்ணீர் குடித்து உப்ப, மேலே நனையாமல் இருந்த ரீமெல்லாம் சாய்ந்து தண்ணீரிலேயே விழுந்தது. காலண்டருக்காகச் சிவகாசியிலிருந்து வந்திறங்கிய சாமிப் பட அட்டைகளும் அதில் சேர்த்தி. ஆடிப் பெருக்கு அன்றைக்கு அங்கே காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியிடுவார்கள், அதைப் பார்த்துக் கடைக்காரர்களிடம் அட்வான்ஸ் வாங்கி, அட்டை வரவழைத்து, நாங்கள் கடைப் பெயர் போட்டுக் கொடுப்போம். ஜனவரி 1 தாண்டினால் அந்த அட்டைக்குக் காசில்லை. முருகன், லட்சுமி, வேளாங்கண்ணி மாதா, மெக்கா எல்லோரும் ஒரே சேற்றில் ஒன்றாய்க் கிடந்தார்கள்.

ஆனால் பேப்பர் போனதால் தொழில் நிற்கவில்லை. பேப்பர் வேலூரில் கிடைக்கும், கடனுக்கும் கிடைக்கும். எங்களை நிறுத்தியவை வேறு.

முதலில் மோட்டார். மெஷினைக் கழுவி, துரு பிடிப்பதற்குள் டீசல் அடித்து, மோட்டாரைக் கழற்றிக் காயில் கட்டும் கடைக்கு எடுத்துப் போனால் வாசலில் ஒரு ஊர்வலமே நிற்கிறது. தறி மோட்டார், கிணற்று மோட்டார், மாவு மில் மோட்டார். ஊரில் நனைந்த மோட்டார் எல்லாம் ஒரே நாளில் ஒரே கடைக்கு வந்தால் எப்படி? எனக்குப் பதினோராவது நாள் கிடைத்தது. "நம்ம ஆள் இருக்கார், பாத்துக்குவார்" என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும் அதே ஆளைத்தான் தெருவே நம்பிக்கொண்டிருக்கிறது. சாதாரண நாளில் மெஷின் நின்றால் அவர் அரை மணியில் வருவார். ஊரே நின்றால் வரமாட்டார். இப்போது பழைய மோட்டார் ஒன்று வாங்கிக் காயில் புதிதாகக் கட்டி பரணில் வைத்திருக்கிறேன். அடுத்த மாதமே இன்னொன்று நடந்தது. ஒரு ஸ்பேரோடு ரயிலில் வருவதாகச் சொன்ன சென்னை மெக்கானிக், திருவலம் பக்கம் பொன்னை ஆற்று ரயில் பாலத்தில் விரிசல் கண்டு ரயில்களை ரத்து செய்ததால் வரவில்லை. ஒரு மழை எத்தனை இடத்தில் கை வைக்கிறது பாருங்கள்.

இரண்டாவது, எழுத்துரு. இதைச் சொன்னால் பிரஸ்காரர்கள் மட்டும் பெருமூச்சு விடுவார்கள். பேக்கப் எடுப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. வாரா வாரம் ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவேன். கடைக் கம்ப்யூட்டர் இரண்டும் மூழ்கியதும், கவலைப்படாமல் புதிதாக ஒன்று வாங்கி ஹார்டு டிஸ்க்கைச் செருகினேன். ஃபைல் எல்லாம் பத்திரம். திறந்தால் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும். பழைய ஃபைல் ஒன்றுகூட எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் இல்லை, அடித்த ஃபாண்டு இருந்தால்தான் தமிழ் தெரியும். பாமினி மாதிரி எல்லோரிடமும் இருக்கும் ஃபாண்டைத் தேடிப் போட்டுவிடலாம். எங்கள் டிசைனர் பெண் வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த மற்ற ஃபாண்டுகள் சி டிரைவில் இருந்தன, அதை யாரும் பேக்கப் எடுக்கவில்லை. ஒரு தமிழ் சாப்ட்வேர், டாங்கிள் என்ற சாவி மாதிரிச் சின்னக் கருவியைக் கம்ப்யூட்டரில் செருகினால்தான் ஓடும், அந்த டாங்கிள் தண்ணீரில் ஊறி உப்புப் பூத்துவிட்டது. பேக்கப் எடுத்தேனே தவிர, வேறொரு கம்ப்யூட்டரில் ஒரு நாளாவது திறந்து பார்த்தேனா? இல்லை. இப்போது முடிந்த வேலை ஒவ்வொன்றும் எழுத்தை கர்வ், அதாவது ஃபாண்டு இல்லாமலே தெரியும் கோட்டு வடிவமாக மாற்றி ஒரு காப்பி, பிடிஎஃப் ஒரு காப்பி. ஃபாண்டு ஃபோல்டரும் சேர்ந்து போகிறது. ஒன்று கடையில், ஒன்று வீட்டில், ஒன்று கூகுள் டிரைவில். ஹார்டு டிஸ்க்கை எந்நேரமும் செருகியே வைப்பதில்லை. வைரஸ் வந்து ஃபைலைப் பூட்டினால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

மூன்றாவது, ஆர்டர் புக். யார் எத்தனை காலண்டர் கேட்டார், எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தார் என்பது ஒரு நீல அட்டை நோட்டில் பால் பாயிண்டில் எழுதியிருந்தது. அது போயிற்று. எனக்கு ஞாபகம் இருந்தது பாதி. மீதிப் பேருக்கு அவர்கள் சொன்ன தொகைதான் கணக்கு. ஒரே ஒருவர் மட்டும் கொடுத்ததைவிடக் குறைவாகச் சொன்னார், எனக்குத் தெரிந்தே. "வெள்ளத்துல போனது உனக்கு மட்டுமா, போ" என்றார். இப்போது தினம் கடை சாத்துமுன் அன்றைய பக்கத்தை போட்டோ எடுத்து, நானும் தம்பியும் டிசைனரும் மட்டும் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுகிறோம். செலவே இல்லாத ஏற்பாடு.

அந்த வருஷக் காலண்டரை எப்படிக் கொடுத்தேன் என்று கேட்பீர்கள். மேட்டுப் பக்கத்து பிரஸ்காரரிடம் போய் நின்றேன். அவருக்கும் நைனாவுக்கும் ஒரு தேர்தல் போஸ்டர் வேலையில் வந்த சண்டை, இரண்டு வீட்டிலும் பேச்சு நின்று பல வருஷம். அவர் ஒன்றும் கண் கலங்கி வரவேற்கவில்லை. "ராத்திரி ஷிப்ட் தரேன். ரேட்டு ஊர் ரேட்டு. இங்க் உன்னுது" என்றார். என் அச்சு பிளேட்டை எடுத்துப் போனால் அவர் மெஷினில் தாளைக் கவ்வும் கிரிப்பர் அளவு வேறு, பொருந்தவில்லை. எல்லாவற்றுக்கும் புதுப் பிளேட். என் மெஷின்மேன் அங்கே போய் ராத்திரி ஓட்டினார். லாபம் என்று ஒன்றும் நிற்கவில்லை. காலண்டர் டிசம்பர் 30க்குள் போய்ச் சேர்ந்தது.

இந்தக் கூத்துக்குப் பிறகு நான் முதலில் உட்கார்ந்து எழுதியது ஒரே ஒரு கேள்விக்குப் பதில்: எந்த வேலை எத்தனை நாள் நிற்கலாம்? சித்தி பையன் அனுப்பிய மாதிரியிலும் இது இருக்கிறது, இருபத்தாறாம் பக்கத்தில், மூன்று எழுத்துச் சுருக்கப் பெயரோடு. என் கணக்கில் பில் புக் பத்து நாள் நிற்கும், கடைக்காரர் திட்டிவிட்டுப் பழைய புக்கை ஓட்டிக்கொள்வார். கல்யாணப் பத்திரிகை மூன்று நாள். லேபிள் இரண்டு நாள், அதற்கு மேல் போனால் அங்கே பேக்கிங் நின்றுவிடும். கண்ணீர் அஞ்சலி ஐந்து மணி நேரம். நான் பெரிய மெஷினைக் காப்பாற்றுவதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். அவசரமாகக் கேட்கிற வேலைக்கோ அந்த மெஷினே தேவையில்லை. டிசைனர் பெண் வீட்டில் ஒரு பழைய லேப்டாப், அதில் இருபது மாதிரி போஸ்டர், பெயரும் போட்டோவும் மாற்றினால் போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பெரிய சைஸ் கலர் பிரிண்ட் எடுத்துத் தர மேட்டில் இரண்டு ஜெராக்ஸ் கடை, வேலூரில் ஒன்று. அன்றைக்கே இது தெரிந்திருந்தால் அந்த மனிதரைத் திருப்பி அனுப்பியிருக்க மாட்டேன்.

லேபிளுக்கு வேறு வழி. ஒரு வாரத்து லேபிளை முன்கூட்டியே அடித்து லுங்கிக் கம்பெனி குடோனிலேயே வைத்துவிடுகிறேன். எடுத்த பிறகுதான் பில். அவருக்கும் நிம்மதி, எனக்கும் இடம் மிச்சம். வட்டிக் கணக்கு பார்த்தால் எனக்குக் கொஞ்சம் நஷ்டம்தான், பரவாயில்லை.

மேட்டு பிரஸ்ஸோடு இப்போது ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறோம். யாருக்கு மெஷின் நின்றாலும் மற்றவர் ராத்திரி ஷிப்ட் தர வேண்டும். பிளேட் அளவும் கிரிப்பர் அளவும் அதே தாளில் இருக்கிறது. போன வருஷம் அவர் கட்டிங் மெஷின் கத்தி உடைந்தபோது இங்கே வந்து வெட்டிப் போனார். ரேட்டு ஊர் ரேட்டு.

இன்சூரன்ஸ் கதையைச் சொல்லாமல் விட்டால் பாவம். கடன் கொடுத்த பேங்க் மெஷினுக்கு எடுத்து வைத்திருந்தது. சரக்குக்கு நான் எப்போதோ போட்ட தொகையையே வருஷா வருஷம் புதுப்பித்து வந்தேன். இங்கேதான் ஆவரேஜ் என்று ஒன்று குறுக்கே வரும். சரக்கு 6 லட்சத்துக்கு இருக்கும்போது 3 லட்சத்துக்கு மட்டும் இன்சூர் செய்திருந்தால், 2 லட்சம் நஷ்டமானால் 2 லட்சம் வராது, பாதிதான் வரும். 2021 ஏப்ரலிலிருந்து 5 கோடிக்குள் மதிப்புள்ள சின்னத் தொழில்களுக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற பாலிசி வந்திருக்கிறது. அதில் 15 சதவீதம் வரை குறைவாகப் போட்டிருந்தால் மன்னிப்பு உண்டு. பாதிக்குப் பாதி குறைத்தவளுக்கு எந்த மன்னிப்பும் இல்லை. போதாததற்கு, நாற்றம் தாங்காமல் நனைந்த பேப்பரை, நஷ்டத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர் வருமுன் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டேன். "எங்கம்மா சரக்கு?" என்று அவர் கேட்டபோது என்னிடம் இருந்தது எடை போட்ட சீட்டு மட்டும். தயவு செய்து, எவ்வளவு நாறினாலும் போட்டோ வீடியோ எடுத்து, சர்வேயர் பார்க்கும் வரை வைத்திருங்கள். அழிந்த சரக்குக்கு ஏற்கெனவே எடுத்திருந்த ஜிஎஸ்டி இன்புட்டை, அதாவது வாங்கும்போது கட்டி என் வரியில் கழித்துக்கொண்ட தொகையை, திருப்பிக் கட்ட வேண்டும் என்று ஆடிட்டர் சொன்னபோது எனக்கு அழுகைக்குப் பதில் சிரிப்பு வந்தது. கடை மூடிக் கிடந்த நாட்களின் வருமான இழப்புக்கு சாதாரண பாலிசியில் காசு கிடையாது. அதற்குத் தனிப் பாலிசி எடுக்க வேண்டும்.

கொரோனா வேறு மாதிரி. 2020 மார்ச் 24 ராத்திரி மெஷினில் ஒரு கீறல்கூட இல்லை, பேப்பர் காய்ந்துதான் இருந்தது, வேலைதான் இல்லை. சித்திரை வைகாசி முகூர்த்தப் பத்திரிகை ஆயிரம் கேட்டவர்கள் ஐம்பது கேட்டார்கள், அப்புறம் அதுவும் வேண்டாம், வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு படம் போதும் என்றார்கள். அந்தப் படத்துக்கு நாங்கள் காசு கேட்கவில்லை, தப்பு. இப்போது கேட்கிறோம். கடன் தவணையை ஆகஸ்ட் வரை தள்ளி வைத்தார்கள், வட்டி மட்டும் தள்ளிப் போகாமல் ஏறிக்கொண்டே இருந்தது. அந்த அனுபவத்தில் கற்றது ஒன்றுதான்: இரண்டு மாதச் சம்பளமும் வாடகையும் கரன்ட் பில்லும் எவ்வளவு என்று கூட்டி, அதைத் தொடாமல் தனிக் கணக்கில் வைப்பது. ஒரு மாதத்துக்குத்தான் இன்னும் சேர்ந்திருக்கிறது. காலண்டர் சீசனில் கொஞ்சம் சேரும், ஜூனில் ஸ்கூல் ஃபீஸ் கட்டும்போது கரையும்.

இதெல்லாம் இப்போது ஒரே தாளில், இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் முதல் ஒரு மணி நேரத்து வேலை: மெயினை நிறுத்து, ஆர்டர் புக், செக் புக், ஹார்டு டிஸ்க், டாங்கிள் நான்கையும் நீலப் பையில் போடு, கம்ப்யூட்டரைப் பரணில் ஏற்று, பேப்பரைக் கோட்டுக்கு மேல் ஏற்று. தண்ணீர் நின்ற மட்டத்தில் சுவரைச் சுற்றி சிவப்பு பெயிண்டில் கோடு போட்டிருக்கிறேன். ரேக்கின் முதல் தட்டு, ஸ்விட்ச் போர்டு, மெயின் எல்லாம் அதற்கு மேல்தான். மெஷினை ஏற்ற முடியாது, மோட்டாரை மட்டும் கழற்றலாம், இரண்டு பேர் சேர்ந்தால் நாற்பது நிமிஷம். பின்பக்கத்தில் போன் நம்பர்கள். தாள் ஒன்று கடையில், ஒன்று என் வீட்டில், ஒன்று மெஷின்மேன் வீட்டு சாமி படத்துக்குப் பின்னால்.

ஒத்திகைக்கு நல்ல நாள் ஆயுத பூஜை. எப்படியும் மெஷினைத் துடைத்து, பொட்டு வைத்து, பொரிகடலை படைத்து நிறுத்திவிடுவோம். விஜயதசமி அன்றுதான் மறுபடி ஓடும். வடகிழக்குப் பருவமழையும் அதையொட்டித்தான் ஆரம்பிக்கும். அன்றைக்குத் தாளை எடுத்து, ஒவ்வொரு நம்பருக்கும் போன் போடுகிறோம், டிசைனர் தன் வீட்டிலிருந்து ஒரு போஸ்டர் செய்து அனுப்ப வேண்டும். போன ஒத்திகையில் மூன்று நம்பர் உபயோகத்தில் இல்லை. நீலப் பையில் டாங்கிளுக்குப் பதில் யாரோ வைத்த எலுமிச்சம்பழம் இருந்தது. போஸ்டர் மட்டும் இரண்டு மணி நேரத்தில் கைக்கு வந்தது. மாதிரிக்குப் போட்டோ வேண்டுமே என்று அந்தப் பெண் என் போட்டோவையே போட்டுவிட்டாள். மெஷின்மேன் அதைப் பார்த்துக் கோபித்துக்கொண்டு அன்றைக்குப் பொரிகூட வாங்காமல் போய்விட்டார்.

எனக்குக் கோபம் வரவில்லை, வேறொன்று உறைத்தது. பேங்க் கணக்கு என் ஒருத்தி கையெழுத்தில் ஓடுகிறது. யுபிஐ என் போனில். எந்தக் கடைக்காரருக்கு எத்தனை நாள் கடன் என்பது என் தலையில். தாளின் இரண்டு பக்கத்திலும் மோட்டாருக்கு மாற்று இருக்கிறது, மெஷினுக்கு மாற்று இருக்கிறது. சித்தி பையனுக்கும் இதைத்தான் சொன்னேன். "உன் பிளான்ல நீ எங்க இருக்கேன்னு பாரு." அவன், "நீ எங்கக்கா இருக்கே?" என்றான்.

தம்பியையும் கையெழுத்துப் போட வைக்கும் ஃபாரத்தை பேங்கில் வாங்கி வந்து மூன்று மாதம் ஆகிறது. இன்னும் நிரப்பவில்லை. டிராயரில்தான் இருக்கிறது, கோட்டுக்கு மேல் இருக்கிற டிராயரில்.